சக்கரத்தை எண்ணித் தடுக்கும் சாலை: குண்டலுபேட்டை வழியே ஒரு வாதம்

கடற்கரை நகரமான நாகப்பட்டினத்தில் புறப்பட்டுத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, கரூர், கோயம்புத்தூர், உதகமண்டலம், கூடலூர் வழியாக மேற்கேறிய பழைய 67ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வந்து முடிந்த இடம் குண்டலுபேட்டை. எண்கள் மாற்றப்பட்ட பின்னர் கோவைக்கும் குண்டலுபேட்டைக்கும் இடைப்பட்ட துண்டு 181 எனப் பெயர் பெற்றது. கோழிக்கோட்டிலிருந்து வயநாடு ஏறி மைசூருக்கும் கொள்ளேகாலத்துக்கும் செல்லும் 766ஆம் எண் சாலையும் இங்கேதான் அதனோடு சேர்கிறது. பழைய மைசூரு மாவட்டத்தில் இருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்துக்கு உரியதாகிவிட்ட இந்தச் சிற்றூரைத் தொடாமல் மைசூருக்கும் உதகைக்கும் இடையே வழக்கமான தடத்தில் எவரும் போவதில்லை. சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் வயல் ஓரங்களில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தென்னிந்தியச் சாலைச் சுற்றுலாவின் வரைபடம் விளங்கிவிடும். பெருஞ்சத்தமிடும் மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக வருகின்றன. அவற்றின் பின்னிருக்கைகளில் பைகள், ஓட்டுபவர் உடம்பில் கனத்த மேலங்கிகள். இந்தக் காட்சியை எழுதவும் படமெடுக்கவும் ஆராயவும் ஆளுண்டு. இதே சாலையில் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கடக்கும் மாற்றுத்திறனாளி மட்டும் அந்த எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாதவரைச் சட்டத்திலும் இல்லாதவராக்குவது எளிது. மைசூருக்கு வடக்கே அது நடந்து முடிந்து மூன்றாம் ஆண்டும் வந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து உதகை வரை செல்லும் ஒருவர் இன்று பல வாயில்களைக் கடக்கிறார். குண்டலுபேட்டைக்கு அருகே ஹிமவத் கோபாலசுவாமி மலையின் அடிவாரத்தில் சொந்த வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. மேலே செல்ல அரசுப் பேருந்துதான். பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. நீலகிரிக்குள் நுழைய, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். வடகோடியில், பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில், 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு இடமில்லை. நான்கும் கட்டுப்பாடுகள்தாம். ஆனால் இந்த நான்கையும் ஒரே கூடையில் போட்டு, ‘எங்கு பார்த்தாலும் தடை’ என்று சலித்துக்கொள்ளும் பேச்சு இந்த வழக்கைக் கெடுத்துவிடும்.

பந்திப்பூரின் இரவுத் தடை 2009இல் மாவட்ட நிருவாகத்தின் ஆணையாகத் தொடங்கி, வழக்காகி, 2010இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது. கேரளத்தில், குறிப்பாக வயநாட்டில், அதற்கு எதிர்ப்பு இன்றும் ஓயவில்லை. எனினும் அந்தத் தடையின் தருக்கத்தை உற்றுநோக்க வேண்டும். அது காலத்தை அளக்கிறது. காரும் லாரியும் ஆட்டோவும் புல்லட்டும் அதன்முன் ஒன்றே. அவசர ஊர்திகளுக்கும் எண்ணிச் சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. இருளில் சாலையைக் கடக்கும் மான், சிறுத்தை, யானை ஆகியவற்றின் உயிரே அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்கும் கையாண்ட வழிக்கும் இடையில் உள்ள கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. நீலகிரியின் இ-பாஸ் எண்ணிக்கையை அளக்கிறது. அதில் குறைகள் உண்டு. ஆனால் அதுவும் எவ்வகை வண்டி என்று பார்த்து மனிதரை விலக்கவில்லை. கோபாலசுவாமி மலையின் விதி பொதுவானது. ஆனால் அதன் சுமை பொதுவானதன்று. தன் வண்டியே தன் காலாக உள்ளவர் அதை அடிவாரத்தில் விட்டுவிட்டு உயரப் படியுள்ள பேருந்தில் எப்படி ஏறுவார் என்று அந்த விதியை எழுதியவர்கள் கேட்டுக்கொண்டதற்கான தடயம் அதில் இல்லை.

வடகோடியின் தடை வேறு இனம். 2023 மார்ச் 12 அன்று மண்டியாவில் பிரதமரால் திறந்துவைக்கப்பட்ட, ஏறத்தாழ 118 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையில், அதே ஆண்டு ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும், மின்-ரிக்‌ஷா உள்ளிட்ட மூன்று சக்கர வாகனங்கள், இயந்திரமில்லா வண்டிகள், டிராக்டர்கள், பல அச்சு ஹைட்ராலிக் இழுவை வண்டிகள், குவாட்ரிசைக்கிள் ஆகியவை முதன்மைத் தடத்தில் வரக்கூடாது என்பது அதன் சாரம். விரைவாகச் செல்லும் வாகனங்களுக்கு நடுவே மெதுவாகச் செல்பவை ஆபத்தில் சிக்கும் என்பது காரணம். பட்டியலில் மாற்றுத்திறனாளியின் வாகனத்தைக் குறிக்கும் சொல்லே கிடையாது. விலக்கு அளிக்கவுமில்லை, வெளிப்படையாகத் தடுக்கவுமில்லை. ‘ஸ்கூட்டர்’ என்ற சொல்லின் அடியிலோ ‘மூன்று சக்கரம்’ என்ற சொல்லின் அடியிலோ அது நசுங்கிப் போயிற்று. எந்தச் சொல்லின் அடியில் என்பதுகூடத் தெளிவில்லை என்பதே இங்கு முதல் ஊழல்.

தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் ‘இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று வழங்கும் வண்டியை மக்கள் ‘மூணு சக்கர வண்டி’ என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என நான்கு தேறும். பின்சக்கரத்தை நீக்கி அச்சையே மாற்றியமைத்த வண்டிகளில் மூன்று. பக்கப்பெட்டி இணைத்த பழைய என்ஃபீல்டில் மூன்று. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் வரையறைப்படி, கழற்றக்கூடிய பக்கப்பெட்டியும் அதன் கூடுதல் சக்கரமும் சேர்ந்த வண்டி ‘மோட்டார் சைக்கிள்’தான். அதாவது, தாய்ச்சட்டம் சக்கரத்தை எண்ணி வண்டியின் இனத்தை முடிவு செய்யவில்லை. மாற்றுத்திறனாளியின் வாகனத்துக்கோ அச்சட்டம் தொடக்கம் முதலே தனி வகுப்பு தந்திருந்தது. முதலில் ‘சிறப்பாக வடிவமைத்துக் கட்டப்பட்டது, வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதன்று’ என்ற கறாரான நிபந்தனையோடு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மாற்றியமைத்த வண்டியையும் உள்ளடக்கிய புதிய பெயரோடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிப் பெற்ற அந்தத் தனி அடையாளத்தை ஓர் அறிவிக்கையின் ஆறு வகைப் பட்டியல் கண்டுகொள்ளாமல் கடந்து செல்கிறது.

தடையை ஆதரிப்போரின் வலுவான வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வதே முறை. மூன்று தடங்களில் ஓடும் வண்டி வளைவில் சாயாது. இருசக்கர வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து விசையைத் தரைக்குள் செலுத்துகிறது. இதுவோ நிமிர்ந்தே நின்று, ஓட்டுபவரையும் தன்னையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. வேகம் மிகுந்தால் உள்சக்கரம் தரையை விட்டெழும். முன்னே ஒற்றைச் சக்கரமுள்ள அமைப்பில், வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் கவிழும் வாய்ப்பு இன்னும் கூடும். சாலையின் மேற்பரப்பு மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் கைப்பிடி ஓயாமல் இடப்புறம் இழுக்கும். நூறு கிலோமீட்டர் ஓட்டியவரின் வலத்தோள் அதை இரவில் நினைவூட்டும். இருசக்கர வண்டி ஒரு குழியை ஒதுக்கிச் செல்லும். மூன்று தடமுள்ள வண்டி ஒன்றை ஒதுக்கினால் இன்னொன்றில் விழும். பல இணைப்புகளில் பக்கச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. கியரில்லா ஸ்கூட்டரின் எஞ்சின் இறக்கத்தில் பெரிதாகத் தாங்கிப் பிடிக்காது என்பதால், உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைப்பாதையில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துச் சூடேற்றுவதும், நிறுத்தி ஆறவிடுவதும், மீண்டும் இறங்குவதும்தான் வழி. ஐந்து லிட்டரைச் சற்றே தாண்டும் பெட்ரோல் தொட்டி. நிறுத்தக்கூடாத பந்திப்பூர்க் காட்டுக்குள் டயர் பஞ்சரானால் இறங்கித் தள்ள முடியாது. இந்த வண்டியில் நெடுந்தூரம் செல்வது பாதுகாப்பானது என்று எவரும் வாதிட வேண்டியதில்லை.

இந்த உண்மைகளே தடைக்கு எதிராகத் திரும்புகின்றன என்பதைத்தான் ஆதரவாளர்கள் காண மறுக்கிறார்கள். இந்த வண்டியைக் கவிழ்ப்பவை எவை? வளைவு, சரிந்த ஓரம், குழி, வேகத்தடை, எதிரே வரும் பேருந்துக்காகத் திடீரென ஒதுங்குதல். இவை எங்கே குறைவு? நேராகவும் சமமாகவும், நடுவே பிரிக்கப்பட்டும் போடப்பட்ட முதன்மைத் தடத்தில். எங்கே மிகுதி? இவர்களைத் துரத்திவிட்ட சர்வீஸ் சாலையில். அந்தச் சாலை ஊர்களுக்குள் புகுந்து புறப்படுகிறது. மாட்டுவண்டியும் கரும்பு டிராக்டரும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான். சில பாலங்களருகே அது தொடர்ச்சி இழந்து கிடக்கிறது என்ற முறையீடு சாலை திறந்த காலத்திலேயே ராமநகர, மண்டியா வட்டாரங்களில் எழுந்தது. கவிழும் இயல்புள்ள வண்டியைக் கவிழ்க்கும் இயல்புள்ள சாலைக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

வேக வேறுபாட்டைப் பற்றிய பகுதி மட்டும் எஞ்சுகிறது. அது மெய்யான ஆபத்து. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் முன்னே ஐம்பதில் ஊரும் ஸ்கூட்டர் பின்மோதலுக்கு ஆளாகும். ஆனால் அதே தடத்தில் பாரம் ஏற்றிய லாரிகளும் செல்கின்றன. அவற்றின் வேகமும் மேட்டில் அதுவே. லாரிக்கு இடது தடம் ஒதுக்கித் தீர்வு காணத் தெரிந்த பொறியியலுக்கு, ஸ்கூட்டருக்கு மட்டும் விலக்குதல் தவிர வேறு வழி தோன்றாமல் போனது ஏன்? லாரி சுங்கம் கட்டுகிறது என்பது இகழ்ச்சிக்குச் சொல்லப்படும் விடையன்று. விதிகளிலேயே உள்ள விடை. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008இன்படி இரு, மூன்று சக்கர வாகனங்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வீஸ் சாலை இருக்குமிடத்தில் மூன்று சக்கர வண்டி முதன்மைத் தடத்தில் வரக்கூடாது, இருசக்கர வண்டி வந்தால் காருக்குரிய கட்டணத்தில் பாதியைச் செலுத்த வேண்டும். அதே விதிகள், மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்துக் கட்டப்பட்ட வாகனத்துக்கு முழுக் கட்டண விலக்கும் அளிக்கின்றன. சுங்கச்சாவடியில் சலுகை உண்டு. சாவடியை அடையும் சாலையில்தான் இடமில்லை.

தடைக்குப்பின் உயிரிழப்பு குறைந்தது என்று ஒரு சான்று முன்வைக்கப்படுகிறது. குறைந்திருந்தால் மகிழ்ச்சியே, 2023இன் முற்பாதியில் அச்சாலை கொண்டுபோன உயிர்கள் கொஞ்சமல்ல. ஆனால் புள்ளியியலின் முதல் வகுப்பில் அமர்ந்த மாணவரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அதே காலத்தில் வேகத்தை அளக்கும் கருவிகளும் காவல் ரோந்தும் அபராதமும் வந்தன. தொடர்ந்து கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன. ஒரே நேரத்தில் கொடுத்த நான்கு மருந்துகளில் எது நோயைத் தணித்தது? காரோட்டியின் வேகத்தை அடக்கியதால் குறைந்த மரணத்தை, ஸ்கூட்டரோட்டியை விரட்டியதன் கணக்கில் எழுதுவது ஆய்வாகாது. இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் இருக்கிறது. நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கை பாதசாரி, மிதிவண்டி, இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், லாரி, பேருந்து என வகை பிரிக்கிறது. மாற்றுத்திறனாளியின் வாகனத்துக்குத் தனி வகை அதில் இல்லை. அவர்களில் எத்தனை பேர், எந்தச் சாலையில், எப்படி இறந்தார்கள் என்று எண்ணாத ஓர் அரசு, அவர்கள் உயிரைக் காக்கவே தடுத்ததாகச் சொல்வதை எந்த அளவில் ஏற்பது?

பிற நாடுகள் எதை அளக்கின்றன என்பதைப் பார்ப்பது பயன் தரும். ஜெர்மனியின் ஆட்டோபானில் நுழையத் தகுதி, வடிவமைப்புப்படி 60 கி.மீ.க்கு மேல் செல்லக்கூடிய வாகனம் என்பது. சக்கர எண்ணிக்கை அங்குக் கேள்வியில் இல்லை. பிரிட்டனின் மோட்டார்வேயில் 50 சிசிக்குக் குறைந்த மோட்டார் சைக்கிளுக்குத்தான் தடை. பெரிய எஞ்சினும் பக்கப்பெட்டியும் கொண்டது தாராளமாகச் செல்லும். இந்தியாவிலேயே, 2012இல் திறக்கப்பட்ட 165 கி.மீ. யமுனா விரைவுச்சாலையின் கட்டணப் பட்டியலில் இரு, மூன்று சக்கர வாகனங்களுக்கு ஒரு வகுப்பு உண்டு. வேகமே கவலையென்றால் வேகத்தை அளக்கலாம். நிலைத்தன்மையே கவலையென்றால் நிலைத்தன்மையைச் சோதிக்கலாம். முன்னே இரண்டு, பின்னே ஒன்று எனச் சக்கரமுள்ள கான்-ஆம் ஸ்பைடர் மணிக்கு நூறு கிலோமீட்டரை அலட்சியமாகத் தாண்டும். மைசூருக்கு அதுவும் சர்வீஸ் சாலையில்தான் போகவேண்டும். நான்கு சக்கரமுள்ள குவாட்ரிசைக்கிளும் அவ்வாறே. ஆக, அறிவிக்கை உண்மையில் அளப்பது சக்கரத்தையுமன்று. கார் வாங்கியவரா, வாங்காதவரா என்பதைத்தான்.

பிரிட்டன் என்றவுடன் அதைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக மட்டும் கொள்ளவேண்டாம். இரண்டாம் உலகப்போருக்குப்பின் அந்த அரசு ஊனமுற்றோருக்கு ‘இன்வாகார்’ என்ற ஒற்றை இருக்கை மூன்று சக்கர ஊர்தியை வழங்கிவந்தது. வெளிர்நீல வண்ணம், கண்ணாடியிழை உடல், காற்றடித்தால் ஆடும். அதன் பெருங்குறை அதுகூட அன்று, அந்த ஒற்றை இருக்கைதான். கணவரையோ குழந்தையையோ நண்பரையோ அருகில் அமர்த்திக்கொண்டு ஊனமுற்ற ஒருவர் எங்கும் போவார் என்று அதை வடிவமைத்தவர்கள் கருதவில்லை. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு, அவ்வளவே. ஊனமுற்ற ஓட்டுநர்களே அதை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 1970களில் இயக்கப் படித்தொகையும் கார்த் திட்டமும் வந்தன. எஞ்சிய வண்டிகள் 2003இல் சாலையிலிருந்து அகற்றப்பட்டன. இந்தியச் சட்டத்தில் அந்த ஒற்றை இருக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. ‘அத்தகைய நபரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்படும்’ என்று 1988இன் வரையறையும் சொன்னது, 2019இன் வரையறையும் சொல்கிறது. அந்த ‘மட்டுமே’யைச் சட்டத்துறை ஆய்வாளர் யாராவது கையிலெடுக்க வேண்டும்.

நலத்திட்டங்களின் மொழியிலும் இதே இருக்கைதான். தமிழ்நாடும் கர்நாடகமும் பக்கச் சக்கர ஸ்கூட்டர்களை விலையில்லாமல் வழங்குகின்றன. அதனால் ஆயிரமாயிரம் வாழ்க்கைகள் மாறியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு வழங்குகின்றன? படிப்பவருக்கு, வேலைக்குச் செல்பவருக்கு, சுயதொழில் செய்பவருக்கு. வண்டி பிழைப்புக்கு. மற்றவர்கள் சாலையில் இறங்கினால் அதன் பெயர் சுற்றுலா, பயணம், தேடல். மாற்றுத்திறனாளி இறங்கினால் அதன் பெயர் போக்குவரத்து வசதி. குண்டலுபேட்டை வயலோரத்தில் பூப்பார்க்க நிற்பது அவர்களுக்கான பட்டியலிலேயே இல்லை. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு சுற்றுலா இடங்களை அணுகும் உரிமையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 20ஆம் உறுப்பு, தாம் விரும்பும் முறையிலும் விரும்பும் நேரத்திலும் இயங்கும் உரிமையைப் பேசுகிறது. ‘தேவையான முறையில்’ என்று அதில் எழுதவில்லை.

செய்தித்தாள்களின் பங்கு தனி. பக்கச் சக்கர ஸ்கூட்டரில் ஒருவர் லடாக் வரை போய்வந்தால் ‘ஊனம் தடையல்ல’ என்று தலைப்பிடுகிறார்கள். தடை ஊனத்தில் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். அது அறிவிக்கையில் இருக்கிறது, கழிவறைப் படியில் இருக்கிறது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஸ்டெல்லா யங் 2012 முதல் இந்தப் போற்றுதல் மரபைக் கிழித்துக் காட்டினார்: ஊனமற்றவர் தம் வாழ்வைப் பற்றி நிம்மதி கொள்வதற்காக ஊனமுற்றவரைப் பொருளாக்குதல் என்று. சாதனையாளராகக் கொண்டாடப்படுபவருக்கு ஓட்டுவது ஒரு விதிவிலக்காகவே இருந்தாகவேண்டும். நாளை ஆயிரம் பேர் ஓட்டினால் செய்தி செத்துவிடும். இதன் மறுமுகம் ஆட்டோவில் தெரிகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வெளிநாட்டார் பணம் கட்டி, வண்ணம் பூசிய ஆட்டோக்களில் தென்னிந்தியச் சாலைகளில் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிச் செல்லும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அது சாகசம். அதே ஆட்டோவை அன்றாடம் ஓட்டுபவர் தம் பெர்மிட் எல்லையைத் தாண்டினால் அது குற்றம். 2016இல் நவீன் ரபெல்லி என்ற பொறியாளர் சூரிய மின்னாற்றலில் இயங்கும் ஓர் ஆட்டோவைப் பெங்களூரிலிருந்து கிளப்பி, ஈரான், துருக்கி, ஐரோப்பா வழியாக இங்கிலாந்து வரை கொண்டுசேர்த்தார். இடையே கடலைக் கப்பலில் கடந்தார். லண்டனுக்குப் போன அந்த வண்டி இன்று பெங்களூரிலிருந்து மைசூருக்கு முதன்மைத் தடத்தில் போக முடியாது.

மோட்டார் சைக்கிள் பயணிகளின் எதிர்ப்பு இவ்வழக்குக்குத் துணைநிற்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. அவர்களது முதன்மை வாதம் சிசி வாதம்: எங்கள் வண்டி நானூறு, அறுநூறு சிசி, எங்களை மொபெட்டோடும் ஆட்டோவோடும் சேர்க்காதீர்கள். வாயில் அவர்களுக்குத் திறந்தால் போதும். பின்னால் நிற்பவரைப் பற்றிக் கவலையில்லை. சாய்ந்து வளைவதே ஓட்டுதல், சாயாதது வண்டியே அல்ல என்ற ஆண்மைச் செருக்கு அந்தக் குழுமங்களில் ஊறியிருக்கிறது. ஹார்லி நிறுவனமே 1932 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது என்பதும், முதுமையில் முழங்கால் தளர்ந்த அமெரிக்க ஓட்டிகள் இன்று அதே நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டிக்கு மாறிக்கொள்வதும் அச்செருக்கைத் தொடவில்லை. முழங்கால் எல்லோருக்கும் தளரும்.

ஆய்வுலகத்தின் மௌனம் இதைவிடக் கனமானது. மிமி ஷெல்லரும் ஜான் அர்ரியும் 2006இல் ‘இயங்குதல்’ என்பதைச் சமூகவியலின் மையத்துக்குக் கொண்டுவந்த பிறகு, யார் நகர்கிறார், யார் நகர முடியாமல் நிறுத்தப்படுகிறார் என்ற கேள்வி கருத்தரங்குகளில் மந்திரமாகிவிட்டது. ஆனால் இங்கே அந்தக் கேள்வி விமான நிலையத்தையும் மெட்ரோவையும் புலம்பெயர் தொழிலாளரையும் சுற்றி வருகிறதே தவிர, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவுச் சான்றை ஆவணமாக எடுத்துப் படிக்க வருவதில்லை. ஊனமியல் ஆய்வோ சாய்தளம், மின்தூக்கி, பேருந்துப் படி என்ற கட்டட எல்லைக்குள் நிற்கிறது. ஒருவர் வாங்கிய சொந்த வண்டி எந்தச் சாலையில் போகலாம் என்பது அணுகல் பற்றிய கேள்வி என்றே அதற்குத் தோன்றவில்லை போலும். இரண்டு துறைகளும் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு சர்வீஸ் சாலை ஓடுகிறது.

சட்டத்தின் அளவுகோலை வைத்தே பார்க்கலாம். அரசமைப்பின் 19(1)(ஈ) நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையைத் தருகிறது. நியாயமான கட்டுப்பாட்டுக்கு அது உட்பட்டது. 14ஆம் உறுப்பு, வகைப்படுத்தலுக்கும் நோக்கத்துக்கும் அறிவார்ந்த தொடர்பு வேண்டும் என்கிறது; 1952இன் அன்வர் அலி சர்க்கார் வழக்கு முதல் இது பாடம். நோக்கம் வேக வேறுபாட்டைத் தவிர்ப்பது. வகைப்படுத்தல் வண்டியின் இனப்பெயர். வேகமான வண்டி தடுக்கப்பட்டு மெதுவான லாரி அனுமதிக்கப்படும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41ஆம் பிரிவில், மாற்றியமைத்த வாகனங்கள் உட்படத் தனிநபர் இயக்கத்தை ஊக்குவிக்கும் திட்டங்களை வகுக்குமாறு அரசைப் பணிக்கிறது. ஊக்குவிக்கச் சொன்ன வண்டியை வேறோர் அமைப்பு சாலையிலிருந்து இறக்குகிறது. ரஜீவ் ராத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகலுக்கான குறைந்தபட்சத் தரங்கள் பரிந்துரையாக அன்றிக் கட்டாயமாக இருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலை அந்தத் தீர்ப்புக்கு அப்பாற்பட்ட நிலமன்று.

கோரிக்கை பெரிதுமன்று. தடைப்பட்டியல் முழுவதையும் கிழித்தெறிய வேண்டியதில்லை. சட்டத்தின் பொருளில் மாற்றுத்திறனாளியின் வாகனமாகப் பதிவு பெற்று, குறிப்பிட்ட குறைந்தபட்ச வேகத்தை எட்டக்கூடியதும் பக்கச் சக்கரத்திலும் பிரேக் உள்ளதுமான வண்டிக்கு இடது தடத்தில் அனுமதி என்று ஒரு விலக்கு வரி. சர்வீஸ் சாலை அறுபடும் இடங்களில் இணைப்பு. விபத்துப் பதிவில் ஒரு தனி வகை. கட்டப்பட்டுவரும் 262 கி.மீ. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலைக்கும் இதே பட்டியல் நகலெடுக்கப்படும் முன் இது நடக்கவேண்டும். வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தனக்கு முரணான விதிகளைத் தாமாகவே கண்டறிந்து திருத்தப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு வழங்குகிறது. பரிந்துரையைப் பெற்ற அமைப்பு எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்கிறது 76ஆம் பிரிவு. ஒரு பல்கலைக்கழகச் சட்டத்துறையின் மாணவர் குழு, பதிவுச் சான்றின் நகல்களையும் சர்வீஸ் சாலையின் அளவெடுத்த வரைபடத்தையும் இணைத்து அந்த மனுவை ஒரு பருவத்துக்குள் எழுதிவிட முடியும்.